மேளத்தை எங்கே நிறுத்துவது? கம்பளை பெரஹெரா வழக்கு, 1912–1915

இலங்கையின் மலைநாட்டில், மகாவலி ஆற்றங்கரையில் இருக்கிற ஊர் கம்பளை. 14-ஆம் நூற்றாண்டில் சிங்கள அரசர்களின் தலைநகராக இருந்த இடம். அங்கே வல்லஹாகொடவில் கதிர்காமத் தெய்வத்துக்கு ஒரு பழைய கோயில் உண்டு. நமக்கு அவர் முருகன்; சிங்களப் பௌத்தர்களுக்குக் கதிர்காம தெய்யோ. நம் ஆடியை ஒட்டி வரும் எசல மாதத்தில் அந்தக் கோயிலின் பெரஹெரா, அதாவது திருவிழா ஊர்வலம், புறப்படும். ஆட்டமும் மேளமுமாக ஊருக்குள் வந்து, அம்பகமுவ வீதியைக் கடந்து ஆற்றுத் துறைக்குப் போய், நீர்வெட்டுச் சடங்கோடு முடியும்.

1912-இல் அது புறப்படவில்லை. ஊர்வலத்தை யாரும் தடை செய்யவில்லை. ‘போகலாம், ஆனால் பள்ளிவாசலை ஒட்டிய இடத்தில் மேளத்தை நிறுத்திவிட்டுப் போங்கள்’ என்று அரசு நிபந்தனை போட்டது. கோயில் நிர்வாகியான பஸ்நாயக்க நிலமே அப்படி ஒரு பெரஹெரா வேண்டாம் என்று விட்டுவிட்டார். அப்புறம் கோர்ட்டுக்குப் போனார்.

அடுத்த மூன்று ஆண்டுக்குள் இலங்கையின் ஐந்து மாகாணங்களில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் சூறையாடப்பட்டன. 1915 கலவரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கம்பளையை ஒரு பத்தியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போவார்கள். பொருளாதாரப் பொறாமை, பௌத்த மறுமலர்ச்சி, ஆங்கிலேயரின் பீதி என்று பெரிய காரணங்கள் காத்திருக்கின்றன அல்லவா. அந்தக் காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவரின் வழிபாடு இன்னொருவரைப் புண்படுத்துகிறது என்ற புகார் வந்தால் என்ன செய்யக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள அந்த ஒரு பத்திதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

மேளம் என்பது பின்னணி இசையா?

பெரஹெராவில் வாசிக்கப்படும் தவுல, தம்மெட்டம, ஹொரணை எல்லாம் கூட்டத்தை உற்சாகப்படுத்த மட்டும் கொண்டுவருபவை இல்லை. மலரும் விளக்கும் போல ஒலியும் ஒரு காணிக்கை. மேளம் நின்றால் அங்கே பூஜையே அறுந்துவிடுகிறது. நம் ஊரில் சாமி வீதியுலா வரும்போது ஒரு தெருவில் மட்டும் நாதசுரத்தையும் தவிலையும் நிறுத்தச் சொன்னால் கோயில்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று யோசித்தால் பஸ்நாயக்க நிலமேயின் பிடிவாதம் விளங்கும். ‘கொஞ்ச தூரம்தானே’ என்பது வெளியிலிருந்து பார்ப்பவரின் பேச்சு.

அதேபோல் பள்ளிவாசல் தரப்பையும் உள்ளிருந்து பார்க்க வேண்டும். தொழுகையில் ஓதுவது காதில் விழ வேண்டும், மனம் ஒருமுகப்பட வேண்டும். ஐம்பது பேர் வரிசையில் நிற்கும்போது வாசலில் பறையொலி கேட்டால் அது வெறும் இரைச்சல் என்ற அளவோடு நிற்காது. தொழுகை கெடுகிறது, அதோடு ‘உங்களை நாங்கள் மதிக்கவில்லை’ என்ற சேதியும் சேர்ந்து வருகிறது. வட இந்தியாவிலும் சென்னை மாகாணத்திலும் பள்ளிவாசல் முன் மேளம் என்ற தகராறு அதற்குள் பழைய கதையாகிவிட்டிருந்தது. 1882-இல் சேலத்தில் நடந்த கலவரமும் இதிலிருந்து கிளம்பியதுதான்.

ஆக, இரண்டு பக்கமும் உண்மையான மனத்தாங்கல் இருந்தது. யாரும் நடிக்கவில்லை. இதை முதலில் ஒப்புக்கொள்ளாமல் இந்த வழக்கைப் பேசுவதில் பயனில்லை.

புகார் கொடுத்தவர்கள் யார்

கம்பளையில் முஸ்லிம்கள் புதியவர்கள் இல்லை. மலைநாட்டுச் சோனகர் எனப்படும் முஸ்லிம்கள் கண்டி அரசர்கள் காலத்திலிருந்தே அங்கே குடியிருந்தவர்கள். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே வாழ்ந்து, பொதிமாடு ஓட்டி, வைத்தியம் பார்த்து, கோயில் நிலத்தில் பயிரிட்டுக்கூட வந்தவர்கள். பெரஹெரா அவர்களுக்கு ஆண்டுதோறும் பார்த்துப் பழகிய விஷயம்.

அம்பகமுவ வீதியில் இருந்த அந்தப் பள்ளிவாசல் வேறொரு கூட்டத்தாருடையது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற தமிழகக் கரையோர ஊர்களிலிருந்து வணிகத்துக்கு வந்த கரையோரச் சோனகர்கள் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அதை எழுப்பினார்கள். மேளத்துக்கு எதிர்ப்பு வலுத்தது அதன் பிறகுதான். இரு சோனகரும் தமிழ் பேசுபவர்கள், ஒரே மார்க்கத்தவர்கள். ஆனால் ஊரோடு இருந்த உறவு வேறு. கரையோரத்தார் துணியும் அரிசியும் விற்றார்கள், கடன் கொடுத்தார்கள், சம்பாதித்ததை ஊருக்கு அனுப்பினார்கள். உள்ளூர்ச் சிங்கள வியாபாரிகளுக்கு அவர்கள் போட்டி. வாங்குகிறவர்களுக்கு அவர்கள் கடன் கொடுத்தவர்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு மனம் புண்பட உரிமை இல்லையா என்றால், இருக்கிறது. வழிபாட்டு இடம் பழையதா புதியதா என்பதை வைத்து மரியாதையை அளக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே வீதியில் பழகிய சமூகங்களுக்குள் எழுதாத ஏற்பாடுகள் இருக்கும்: பாங்கு நேரத்தில் மெதுவாக அடி, இவர் வீட்டில் சாவு என்றால் சீக்கிரம் கடந்து போ. புதிதாக வந்தவருக்கு அந்த ஏற்பாட்டில் பங்கு இல்லை. அவருக்குத் தெரிந்த வழி மனு எழுதிக் கச்சேரியில், அதாவது அரசு நிர்வாக அலுவலகத்தில், கொடுப்பது. மனு கச்சேரிக்குப் போனதும், அயலார் இருவரின் பேச்சு அரசு ஆணையாகிவிடுகிறது.

ஆணை

கச்சேரிக்கு இதில் ஏற்கெனவே சூடு பட்ட அனுபவம் உண்டு. 1883 ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலம் ஒன்று கத்தோலிக்கர் குடியிருப்பு வழியாக வந்தபோது அடிதடி நடந்தது. நியாயம் கிடைக்கவில்லை என்று பௌத்தர்கள் கொதித்தார்கள். பௌத்தர்களுக்குத் துணைநின்ற அமெரிக்கர் கர்னல் ஆல்காட் லண்டன் வரை போய் முறையிட்டார். 1885-இல் புத்தர் பிறப்பைக் கொண்டாடும் வெசாக் நாள் அரசு விடுமுறையானது. அந்த ஒரு மோதலிலிருந்து அதிகாரிகள் எடுத்துக்கொண்ட பாடம் எளிமையானது: ஊர்வலத்துக்கு உரிமம் கொடு, உரிமத்தில் நிபந்தனை போடு.

அப்படித்தான் 1865-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டத்தையும் உள்ளூர்ச் சபைச் சட்டத்தையும் பிடித்துக்கொண்டு, மத்திய மாகாணத்தை நிர்வகித்த அதிகாரியான அரசாங்க அதிபர் நிபந்தனை விதித்தார். பள்ளிவாசலுக்கு இரு பக்கமும் இத்தனை தூரத்துக்கு மேளம் கூடாது. நிபந்தனை தூரத்தால் அளக்கப்பட்டது. நேரத்தால் அளந்திருந்தால் கதை வேறு என்று தோன்றுகிறது. தொழுகைக்கு நேரம் உண்டு. ஊர்வலத்துக்கும் நேரம் உண்டு. இரண்டையும் கொஞ்சம் முன்பின்னாக நகர்த்தலாம். கோயிலையும் பள்ளிவாசலையும் ஆற்றையும் நகர்த்த முடியாது. தூரத்தைக் குறித்ததும் வீதியில் ஒரு கோடு விழுந்துவிட்டது, கோட்டைத் தாண்டினால் யார் ஜெயித்தார்கள் என்று ஊரே பார்க்கும்.

ஒருவர் தானாக மேளத்தைத் தாழ்த்தினால் அது மரியாதை. அதையே போலீஸ்காரர் நின்று நிறுத்தினால் தோல்வி. அதே செயல், அதே தூரம். இதை அரசாங்க அதிபர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. அவருக்கு வேண்டியது அமைதி. அவர் கணக்கில் மேளம் நின்றால் அமைதி.

இரண்டு தீர்ப்புகள்

கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு போல் ஈ. பீரிஸ் முன் வந்தது. போர்த்துக்கேயர் கால இலங்கை வரலாற்றை எழுதிய அறிஞர் அவர். பழைய ஏடு, பழைய வழக்கம் என்றால் ஆர்வம் வந்துவிடும் மனிதர். கோயில் தரப்பு கையில் எடுத்தது 1815 மார்ச் 2-இல் கண்டிப் பிரதானிகளும் பிரித்தானியரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை. அதன் ஐந்தாம் பிரிவு, புத்த சமயம் மீறப்படாதது என்றும், அதன் சடங்குகளும் குருமாரும் வழிபாட்டிடங்களும் பேணப்பட்டுக் காக்கப்படும் என்றும் சொல்கிறது. மேளத்தோடு பெரஹெரா போவது அந்தச் சடங்குகளில் ஒன்று, அதை ஒரு போலீஸ் சட்டம் பறித்துவிட முடியாது என்பது வாதம். 1914 ஜூனில் பீரிஸ் கோயிலின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

அரசு மேல்முறையீடு செய்தது. 1915 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. தெருவில் மேளம் அடிப்பதை ஒழுங்குபடுத்தும் சட்டங்கள் செல்லும், ஒப்பந்தத்தைக் காட்டி அவற்றைத் தாண்ட முடியாது என்பதே முடிவின் சாரம்.

சட்டமாகப் பார்த்தால் இரண்டாவது தீர்ப்பை ஒரேயடியாகத் தப்பு என்று சொல்ல முடியாது. எந்த மதமானாலும் பொது வீதியில் போகும்போது பொது ஒழுங்குக்கு உட்படத்தான் வேண்டும். சிக்கல் கேள்வியிலேயே இருந்தது. இரு கோர்ட்டும் தீர்மானித்தது அதிகாரம் யாருடையது என்பதை: ஒப்பந்தத்தினுடையதா, போலீஸ் சட்டத்தினுடையதா? ஆற்றுக்குப் போகிறவர்களும் தொழுகிறவர்களும் ஒரே வீதியை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பது எந்தக் கோர்ட்டின் முன்னும் கேள்வியாகவே வரவில்லை. கீழ்க்கோர்ட்டில் ஒருவருக்கு முழு வெற்றி, மேல்கோர்ட்டில் இன்னொருவருக்கு முழு வெற்றி. அயலாருக்கு இதைவிடக் கெட்ட முடிவு கிடையாது.

காலமும் சரியில்லை. தீர்ப்பு வந்த அடுத்த மாதம் கண்டி ஒப்பந்தத்தின் நூற்றாண்டு. ‘நூறு வருஷத்துக்கு முன் கொடுத்த வாக்கு இதுதானா’ என்று கேட்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் உலகப் போர் தொடங்கி விலைவாசி ஏறியிருந்தது, கடைக்காரர்மேல் கோபம் இருந்தது, பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் அநகாரிக தர்மபால போன்றவர்கள் அந்நிய வியாபாரிகளைக் கடுமையாகத் தாக்கி எழுதிக்கொண்டிருந்தார்கள். கம்பளைத் தீர்ப்பு அந்தக் கோபத்துக்கு ஒரு புனிதமான காரணத்தைக் கொடுத்தது.

கண்டி, மே 28 இரவு

அந்த ஆண்டு வெசாக் மே 28-இல் வந்தது. பௌத்த இளைஞர்கள் வண்டிகளை அலங்கரித்துப் பக்திப் பாடல் பாடிக்கொண்டு வீதிகளில் போனார்கள். கிறிஸ்துமஸ் கரோல் பாணியைப் பார்த்துப் பௌத்த மறுமலர்ச்சிக்காரர்கள் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது அது. வழியில் காசில் ஹில் வீதியில் ஒரு பள்ளிவாசல். அதுவும் கரையோரச் சோனகருடையது.

இந்த முறை உரிமம் கொடுத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருந்தார்கள். நள்ளிரவுக்கு முன் அந்த வீதிக்குள் போகக் கூடாது, அதற்குள் பள்ளிவாசல் மூடியிருக்கும் என்பது ஏற்பாடு. கம்பளையில் விடுபட்ட நேரம் என்ற அளவுகோல் இங்கே வந்துவிட்டது பாருங்கள். முழு விவகாரத்திலும் உருப்படியான யோசனை என்றால் எனக்கு இது ஒன்றுதான் தெரிகிறது.

நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில் ஊர்வலம் வந்தது. பள்ளிவாசல் மூடவில்லை. விளக்கு எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார்கள். அங்கே இருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் பக்கத்துத் தெருவுக்குத் திரும்பச் சொன்னார். திரும்பிய கூட்டத்தைப் பார்த்துப் பள்ளிவாசல் பக்கமிருந்து கேலிச் சத்தம். அப்புறம் கல். அப்புறம் கைகலப்பு.

யோசனை நல்லதுதான், ஆனால் இரு தரப்பும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது இல்லை. உரிமத் தாளில் எழுதி ஒரு தரப்பின் கையில் கொடுத்தது. எதிர்த்தரப்பு பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்த வேண்டும் என்றால் அதை அவர்கள் வாயால் சொல்ல வைத்திருக்க வேண்டும். கம்பளையில் ஆரம்பித்த கோளாறு இங்கேயும் தொடர்கிறது: இரண்டு பக்கமும் அரசோடு பேசின, ஒன்றோடொன்று பேசவில்லை.

அடுத்து நடந்தது ஊர்வலத் தகராறு என்ற எல்லையை எங்கோ தாண்டிவிட்டது. ஒரு வாரத்துக்கும் மேலாகக் கலவரம் கண்டியிலிருந்து கொழும்புக்கும் மேற்கு, தெற்கு மாகாணங்களுக்கும் பரவியது. குறைந்தது 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 4,000-க்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. 80-க்கு மேற்பட்ட பள்ளிவாசல்கள் சேதமாயின. மேளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிராத உள்ளூர்ச் சோனகரும் அடிபட்டார்கள். கடையை உடைத்தவனுக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை. மேளத்துக்குத் தடை வந்ததால் இது நடந்தது என்று சொல்லிக் கொள்ளையை நியாயப்படுத்துகிற எழுத்தை இன்றும் பார்க்கிறேன். பூஜை அறுந்த வருத்தத்துக்கும் துணிக்கடை அலமாரிக்கும் என்ன சம்பந்தம்?

அரசு ஜூன் 2-இல் இராணுவச் சட்டம் கொண்டுவந்தது. கவர்னர் சால்மர்ஸின் நிர்வாகம் இதைத் தன்மீது நடந்த சதி என்று நம்பி, சிங்களவரின் மதுவிலக்கு இயக்கத் தலைவர்களைச் சிறையில் அடைத்தது. பலரை விசாரணையின்றிச் சுட்டுக் கொன்றது. கொழும்புச் செல்வக் குடும்பத்து இளைஞர் ஹென்றி பெட்ரிஸ் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜூலை 7-இல் சுடப்பட்டார். நட்டஈட்டை அந்தந்தப் பகுதிச் சிங்களவர் தலையில், கலவரத்தில் கலந்தாரோ இல்லையோ பார்க்காமல், மொத்தமாகச் சுமத்தியது.

தமிழர் பங்கு

இங்கேதான் பொன்னம்பலம் இராமநாதன் வருகிறார். படித்த இலங்கையரின் பிரதிநிதியாகச் சட்டசபையில் இருந்த தமிழர். இராணுவச் சட்டத்தின் அட்டூழியங்களை அவர் அங்கே விளாசினார், லண்டன் போய் வாதாடினார், ஆங்கிலத்தில் புத்தகமாகவும் வெளியிட்டார். அவர் திரும்பியபோது சிங்களத் தலைவர்கள் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துச் சென்ற கதை இலங்கையில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வண்டிக் கதையை முஸ்லிம்கள் வேறு விதமாக நினைவில் வைத்திருக்கிறார்கள். கடை எரிந்தவர்கள் தமிழ் பேசுபவர்கள். அவர்களுக்காக எழாத குரல், எரித்த தரப்புக்காக எழுந்ததாக அவர்களுக்குப் பட்டது. அதற்கு முன்பே, 1880-களில், சோனகர் இனத்தால் தமிழரே என்று இராமநாதன் வாதிட்டதையும், அதைச் சோனகர் தலைவர் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் மறுத்து எழுதியதையும் சேர்த்துப் பார்த்தால் காயத்தின் ஆழம் தெரியும். ‘நீங்கள் நாங்கள்தான்’ என்று சொன்னவர், வீடு எரிந்தபோது அந்தப் பக்கம் நின்றார் என்பது அவர்கள் வாசிப்பு. இராமநாதன் அரசின் கொடுமையை எதிர்த்தது சரி என்பதே என் கருத்து. ஆனால் ஒரு தரப்பின் காயத்தைப் பேசும்போது மற்றதைச் சின்னதாக்கிக் காட்டியது அவர் வாதத்தின் பெரிய ஓட்டை. இலங்கையில் தமிழர்–முஸ்லிம் விலகலுக்குப் பல காரணங்கள் உண்டு. அந்தப் பட்டியலில் 1915 கட்டாயம் இருக்கும்.

பிற்பாடு சட்டம் போன வழி

இந்த வகை வழக்குகளில் தெளிவான சட்டம் பிறந்தது பெரும்பாலும் மதத்துக்கு மதம் மோதிய இடங்களில் இல்லை. பள்ளிவாசல் முன் ஊர்வலம் பற்றி இந்தியாவில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் மன்சூர் ஹசன் வழக்கு ஷியாக்களுக்கும் சன்னிகளுக்கும் நடந்தது. ஷியாக்களின் ஊர்வலம் சன்னிப் பள்ளிவாசல் அருகே நின்று துக்கம் காத்தது. அலகாபாத்திலிருந்து, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1924-இல் முடிவானது: உரிய சடங்குகளோடு பொது வீதியில் சமய ஊர்வலம் போக எல்லோருக்கும் உரிமை உண்டு. மற்றவர்கள் வீதியைப் பயன்படுத்துவதைக் கெடுக்கக் கூடாது, மாஜிஸ்திரேட்டின் ஒழுங்குகளுக்கு உட்பட வேண்டும். கம்பளை நிலமே பத்தாண்டு பொறுத்திருந்தால் அவருக்கு வேண்டிய வாக்கியம் கிடைத்திருக்கும், அதுவும் முஸ்லிம் ஒருவரின் மனுவிலிருந்து.

நம் பக்கத்தில் பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூரில் இதே விவகாரம் 2012-இலிருந்து இழுபட்டது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் தெருக்கள் வழியாகக் கோயில் ஊர்வலம் போகலாமா என்பது கேள்வி. ஒரு பகுதியில் ஒரு மதத்தார் அதிகம் என்பதற்காக இன்னொரு மதத்தாரின் ஊர்வலத்தைத் தடுக்க முடியாது என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் கிருபாகரன், வேல்முருகன் அமர்வு சொன்னது. வீதி எல்லோருக்கும் சொந்தம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உரிமை எது என்று கோர்ட் சொல்லிவிட்ட மறுநாள் காலையிலும் அந்தத் தெருவில் அதே ஆட்கள்தான் எழுந்து கடை திறக்கிறார்கள்.

2007-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது வெலிகாமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி வழக்கில். இதுவும் முஸ்லிம்களுக்குள் எழுந்த தகராறிலிருந்து வந்ததுதான். தலைமை நீதியரசர் சரத் என். சில்வா எல்லா மதத்துக்கும் பொதுவாக ஒரே அளவு வைத்தார்: இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு உரிமம் இல்லை. அளவுகோல் இந்த முறை நேரம்தான். கூடவே ஒரு சின்ன விதி: விசேஷ சமய நிகழ்ச்சிக்கு அனுமதி தருமுன் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களின் கருத்தை அறிய வேண்டும். 1912-இல் அம்பகமுவ வீதியில் அப்படி வீடு வீடாகக் கேட்டிருந்தால் புதிய பள்ளிவாசல்காரர்கள் ஒன்று சொல்லியிருப்பார்கள், தலைமுறை தலைமுறையாகப் பெரஹெரா பார்த்த பழைய சோனகர் வேறொன்று சொல்லியிருக்கலாம். அரசாங்க அதிபரின் நிபந்தனையில் முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே ஆள்.